நடுவில் வைத்த தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் குட்டியும் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் கேட்டேன், நீங்கள் "ம்" என்றீர்கள். பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் நின்றிருப்பார். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்துக்கு "ம்" என்று பதில் போட முடியாதல்லவா!

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். ஓரகத்திகள் என்றால் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். நாம்தான் ஏமாற்றிவிட்டோம். ஆனால் நீங்கள் அந்த ஊருக்குப் போனதிலிருந்து எனக்குப் பேச்சுத் துணை இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு சுத்தமாக இல்லை. தேனீக்களிடம் பேசுகிறேன். அவை உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பதில் சொல்கின்றன.

இப்போது என்னிடம் ஒன்பது பெட்டிகள். பெருமைப்படாதீர்கள், எல்லாம் நோஞ்சான். எங்காவது தேனீ அடைந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். சினிமா கொட்டகை ஒலிபெருக்கிக்குள் ஒன்று, தபால் பெட்டிக்குள் ஒன்று, வங்கிக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்று என்று பிடித்து வந்தேன். ஒவ்வொன்றும் இரண்டு கைப்பிடிதான் இருக்கும். விதைப் பண்ணை மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது கூட்டமா? பாகப்பிரிவினையில மிஞ்சினது மாதிரி இருக்கே?" என்றார். ஜூன் மாதம் பூசணி பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்கு அவருக்கு மூன்று பெட்டிகள் வேண்டுமாம். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் எல்லாத் தேனடைச் சட்டத்தையும் தேனீ மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடமாட்டாராம். அவர் எடுத்துக்கொண்டால் நானும் குட்டியும் யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கலாம்.

அதனால் சேர்த்துவைக்கப் போகிறேன். சும்மா கொட்டிவிட முடியாது அக்கா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாசனை உண்டு, வாசனை மாறினால் கொன்றுபோடும். ஒரு பெட்டிமேல் இன்னொன்றை ஏற்றி, நடுவில் ஒரு செய்தித்தாளை ஊசித்துளை போட்டு விரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அதை மென்று ஓட்டை போடும். ஓட்டை பெரிதாவதற்குள் வாசனை கலந்துவிடும். யார் எந்த வீடு என்று அவற்றுக்கே மறந்துபோகும்.

உங்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி


பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நீயும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். அதுவும் நலம்.

உன் மச்சாண்டார் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்தார். நீ குறிப்பிட்ட தேனீ விஷயம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறு கூட்டம் தனியாகப் பிழைக்காது, பெரியதோடு சேர்ந்தால்தான் பலம் என்பதை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். அப்படியிருக்க, ஆண்துணை இல்லாமல் ஒரு பெண்குழந்தையை வைத்துக்கொண்டு நீ தனியே இருப்பது அறிவுடைமை ஆகாது. எனவே நீயும் குழந்தையும் எங்களோடு வந்துவிட வேண்டும். பள்ளி மாற்றுவதற்கு அவர் ஏற்பாடு செய்வார். தேனீக்களை யாருக்காவது கொடுத்துவிடு.

பாகம் பிரித்தபோது முன்னறையும் தெருவாசலும் அவர் பங்குக்கும், அடுப்படியும் பின்கட்டும் தம்பி பங்குக்கும் வந்தது உனக்கு நினைவிருக்கும். இதுவரை பெருந்தன்மையாக விட்டுவைத்திருந்தார். ஜூன் முதல் வாரத்தில் நேரில் வந்து, முன்னறையைப் பூட்டிவிட்டு, உங்களை அழைத்துவருவார்.

எல்லாம் உன் நன்மைக்கே என்று சொல்லச் சொன்னார்.

குழந்தைக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உங்கள் முழங்காலும் சௌக்கியம் என்று தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சான்றிதழ் கொடுத்திருப்பதால் அதைப் பற்றி இனி விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் அவர் படிப்பார். படிக்கட்டும். சத்தமாகவே படிக்கட்டும்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கும் தெரியும். தேனீயைக் காட்டி எனக்கே பாடம் சொல்கிறாரே, பாடத்தில் முதல் வரியை ஏன் விட்டுவிட்டார்? இரண்டு கூட்டத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ராணியை எடுத்துவிட வேண்டும். எடுப்பது என்றால் என்ன தெரியுமா? விரல் நுனியில் பிடித்து நசுக்குவது. ஒரு பெட்டிக்கு ஒரு ராணிதான். கேட்டுச் சொல்லுங்கள், அங்கே நான் வந்தால் எந்த ராணியை நசுக்குவதாக உத்தேசம்? என்னையா? இல்லை, உங்களை நசுக்கி முடித்தாயிற்றா?

இன்னொன்றும் கேளுங்கள். நோஞ்சான் கூட்டம் கிடைத்ததும் யாரும் தூக்கிச் சேர்த்துவிட மாட்டார்கள். ஏன் நோஞ்சானாச்சு என்று முதலில் பார்க்க வேண்டும். நோய் பிடித்த பெட்டியோடு சேர்த்தால் நல்ல கூட்டமும் சேர்ந்து போகும். அங்கே ஏன் ஆள் குறைந்தது? நன்றாக வளர்ந்த உங்கள் பையன் ஏன் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பிப் பார்க்கவில்லை? அதைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நான் வரமாட்டேன். குட்டி வரமாட்டாள். "பெரியப்பா வீட்டுல ரேடியோதான் பேசும், நாம பேசக்கூடாதும்மா" என்கிறாள்.

அவருடைய கடிதத்தை வீணாக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆபீஸிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தாரே, தலைப்பு அச்சடித்த தாள், அதில்தானே எழுதுகிறீர்கள். நேற்றுச் சாயங்காலம் தபால் பெட்டிக் கூட்டத்தையும் கடிகாரக் கூட்டத்தையும் சேர்த்தேன். செய்தித்தாளுக்குப் பதிலாக அவர் கடிதத்தையே நடுவில் விரித்துவிட்டேன். என் தேனீக்கள் அவருடைய பெருந்தன்மையைக் கடித்துத் துப்பட்டும்.

அன்புடன்,
வரமாட்டாதவள்


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்தத் தாள் கெட்டி. வழவழவென்று மெழுகு பூசினது போல இருக்கும். கோபத்தில் ஊசித்துளை போடவும் மறந்துவிட்டேன். மேல் பெட்டிக்கு வேறு வாசல் கிடையாது, காற்றும் கீழேயிருந்துதான் வர வேண்டும். அன்றைக்கென்று பார்த்து வெயில் கொளுத்தியது. மூன்றாம் நாள் திறந்தேன். தாளின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டியிருந்தது, அவ்வளவுதான். கடிகாரக் கூட்டம் முழுக்கத் தாள்மேல் ஈரமாகக் குவிந்து கிடந்தது. கையில் அள்ளினேன். ஒன்றுகூட அசையவில்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். அவர்மேல் இருந்த கோபத்துக்கு அவர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை, வாயில்லாத ஜீவன்கள் மூச்சு முட்டிச் செத்தன. அழுதேன். குட்டி ஸ்கூலுக்குப் போன பிறகுதான் அழுதேன்.

பையனைப் பற்றி எழுதினது உங்களைக் குத்தும் என்று தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. கல்லை அவர்மேல் எறிந்தேன், நடுவில் நீங்கள் நின்றீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி எழுதினதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது.

எட்டுக் கூட்டம் மிச்சம். இன்னும் வரமாட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

அன்புடன்,
வாயாடி


ஏப்ரல் 2

என் வாயாடிக்கு,

நீ சுகம்தானே? குட்டிக்குப் பல் முளைத்ததா? என் முழங்கால் சுகமில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்கிறேனே.

தாளைத் தடவிப் பார். துணி வெட்டுவதற்கு அளவு வரைகிற மெல்லிய தாள் இது. கடைத்தெருவில் நூல் கடை வைத்திருப்பவள் கிழித்துக் கொடுத்தாள். அவள் கடையில், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் நினைத்துக்கொண்டிருப்பது, நான் பொத்தான் வாங்கப் போயிருக்கிறேன் என்று. பொத்தானும் வாங்கியிருக்கிறேன், பொய்யில்லை.

உன் கடிதத்தை அவர் சத்தமாகத்தான் படித்தார். எந்த ராணியை நசுக்குவதாக உத்தேசம் என்ற இடம் வந்ததும் நான் அடுப்படியில் முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! பையனைப் பற்றிய இடத்தில் சிரிக்கவில்லை. ஆனால் நீ கேட்டது தப்பில்லை. அந்தக் கேள்வியை இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "தம்பி பொண்டாட்டிக்கு வாய் நீளம்" என்றார். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்தது.

என் தையல் மெஷினைப் பற்றிக் கேட்டாய், போன வருடம். அது நடுக்கூடத்தில்தான் இருக்கிறது. துணி போட்டு மூடி அதன்மேல் ரேடியோவை வைத்திருக்கிறார். மெஷின் சத்தம் தலைவலி தருகிறதாம். ரேடியோ தராதாம். அதனால் இதோடு வருகிற முகவலையைக் கையாலேயே தைத்தேன், அவர் மத்தியானம் தூங்கும்போது. பெட்டியை முகம் திறந்தபடியே திறக்கிறாயாமே, அறிவிருக்கிறதா உனக்கு?

இனி விஷயம். எதற்காகக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிடுகிறேன். ஆண்துணையும் இல்லை, அன்பும் இல்லை. பையன் போனதிலிருந்து அதிகாரம் பண்ண நான் ஒருத்திதான் மிச்சம். அவருக்குப் போதவில்லை. நீ வந்தால் எனக்குப் பேச்சுத் துணை ஆகும், குட்டி சத்தம் கேட்கும், திட்டும் மூன்று பங்காகப் பிரியும். எனக்குக் கொள்ளை லாபம். அதனால்தான் சொல்கிறேன், வராதே. நான் எத்தனை கடிதத்தில் வா என்று எழுதினாலும் வராதே.

எனக்கு எழுதுவதானால் நூல் கடை முகவரிக்கு எழுது. படித்து முடித்ததும் இதையும் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிடு. மெல்லிசுதான், மூச்சு முட்டாது.

உன் அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்குப் பல் எட்டிப் பார்க்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உங்கள் குரல்! இத்தனை வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?

முகவலை எடுப்பாக இருக்கிறது. போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றேன். எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர், "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றார். "மாப்பிள்ளையா ஆயிரக்கணக்குல வெச்சிருக்கேன், எல்லாத்துக்கும் கொடுக்கு இருக்கு" என்றேன். மனுஷர் கடைக்குள் போனவர் வெளியே வரவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டு, ஊசித்துளை போட்டு, சினிமா கொட்டகைக் கூட்டத்துக்கும் பள்ளிக்கூட மணிக் கூட்டத்துக்கும் நடுவில் விரித்தேன். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், பெட்டி வாசலில் உங்கள் கையெழுத்து பொடிப்பொடியாகக் கிடக்கிறது. கூட்டிப் பெருக்கி அள்ளினேன். உள்ளே ஒரு சண்டை இல்லை. பழைய பகை தெரியாமல் அடைமேல் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அதன்பிறகு மற்றதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது. இப்போது என்னிடம் மூன்றே பெட்டிகள். மூடியைத் திறந்தால் சட்டம் தெரியவில்லை, தேனீதான் தெரிகிறது.

அக்கா, நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஏன் அங்கே இருக்கிறீர்கள்? ராணி இல்லாத பெட்டியில் காதை வைத்தால் ஒரு முனகல் கேட்கும், சாதாரண சத்தமே இல்லை அது. அதை நல்ல பெட்டியோடு காலத்தில் சேர்த்துவிட வேண்டும். ரொம்ப நாள் விட்டால் பிறகு எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாது, அப்படியே அழிந்துபோகும். உங்கள் "ம்" எனக்கு அந்த முனகலாகத்தான் கேட்கிறது. நீங்கள் வாருங்கள். என்னை அங்கே கூப்பிடுகிறார்களே, நீங்கள் இங்கே வாருங்கள்!

ஆவலுடன்,
வாயாடி


ஏப்ரல் 19

வாயாடிக்கு,

சுகம். உன் சுகத்தையும் குட்டி சுகத்தையும் எழுது. ஆனால் தேனீ சுகத்தை எழுதாதே.

தேனீ, தேனீ, தேனீ! அவரும் தேனீயைக் காட்டி உனக்குப் புத்தி சொன்னார், நீயும் தேனீயைக் காட்டி எனக்குப் புத்தி சொல்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? எந்தத் தேனீ முப்பது வருடம் ஒருத்தனுக்கு டீ போட்டது? எந்தத் தேனீ கதவு சாத்துகிற சத்தத்தை வைத்து இன்றைக்கு எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டது? என்னை யாரும் தூக்கி எந்தப் பெட்டிமேலும் வைக்க வேண்டாம். நான் மனுஷி. போவதானாலும் இருப்பதானாலும் என் காலால்.

அந்தக் காலும் சரியில்லை.

வந்தாலும் எங்கே வருவது? உன் பங்கு அடுப்படியும் பின்கட்டும். அதில் நீ, குட்டி, பெட்டிகள். என் படுக்கையைத் தொங்கவா விடுவாய்? உனக்கு இருப்பதே கைப்பிடி இடம், அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ள நான் என்ன உன் மச்சாண்டாரா?

கோபத்தில் எழுதுகிறேன். நூல் கடைக்காரி, "மெதுவா எழுதுங்கக்கா, தாள் கிழியுது" என்கிறாள்.

அக்கா


மே 6

அன்புத் தங்கைக்கு,

இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமறிய விழைகிறோம்.

உன் மச்சாண்டார் சொல்ல எழுதுவது. ஜூன் ஐந்தாம் தேதி வண்டியோடு வருகிறார். பூட்டு வாங்கியாயிற்று. சாமான்களைக் கட்டித் தயாராக வைத்திருக்கவும். நீ வர மறுத்தாலும் முன்னறை பூட்டப்படும். தெருவாசலை அதன்பிறகு நீயோ குழந்தையோ உபயோகிக்க முடியாது. பின்சந்து இருக்கிறது.

இப்படிக்கு,
அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நீங்கள் கோபமாக எழுதியதற்குப் பிறகு நூல் கடை முகவரிக்கு இதோடு மூன்றாவது கடிதம். பதில் இல்லை. கோபம் தீரவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். தேனீ உவமை இனி என் வாயிலிருந்து வராது. நீங்கள் கேட்டது சரி. அவர் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

பண்ணை மேலாளர் நேற்று வந்தார். மூடியைத் திறந்தவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "அம்மா, அன்னைக்கு நான் பேசினதை மறந்துடுங்க" என்றார். "அதெல்லாம் மறக்கமாட்டேன், வண்டி எப்ப வரும் சொல்லுங்க" என்றேன். ஜூன் பத்தாம் தேதி வருகிறது. பூசணி மொட்டு விட்டாயிற்றாம்.

பத்தாம் தேதி வண்டி. ஐந்தாம் தேதி பூட்டு. பெட்டியை ஒருக்களித்துக் கொண்டுபோக முடியாது அக்கா, உள்ளே அடை ஒடிந்துவிடும். நேராகத்தான் தூக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். பின்சந்தில் நான் ஒருத்தி போனாலே தோள் உரசும். முன்னறை வழியாகத் தவிர அந்தப் பெட்டிகள் இந்த வீட்டை விட்டு வெளியே போக வழியே இல்லை. அவருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்தால் பூட்டை இன்னும் பெரிதாக வாங்குவார்.

பண்ணைக்காரரிடம் முன்னதாக வரச் சொல்லிக் கேட்டேன். பூ இல்லாமல் எதற்கு என்கிறார். தெருவில் இறக்கி வைக்கலாமா என்று யோசித்தேன். ஐந்து நாள் தெருவில் வைத்தால் ஊரே கல்லெடுக்கும்.

பயமாக இருக்கிறது. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன். இரண்டு வருடமாக எல்லோரிடமும் வாயால் பேசியே சமாளித்துவிட்டேன், பூட்டோடு என்ன பேசுவது? இருந்தாலும் போகமாட்டேன். கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்வேன். சந்து வழியாகக் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். அவர் வீட்டு நடுக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு என் பெண் வளரமாட்டாள்.

உங்களை வரச் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாயாடி


மே 29

வாயாடிக்கு,

உன் மூன்று கடிதமும் இன்றைக்குத்தான் கைக்கு வந்தன. பொத்தான் எதற்கு இத்தனை என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மாதமாகக் கடைத்தெருவுக்கு அவரே போகிறார். இன்று தலைமுடி வெட்டிக்கொள்ளப் போனார், நான் நூல் கடைக்கு ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன் என்பதை நம்பு.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. நான்காம் தேதி காலை அவர் வண்டி பேசப் போகும் நேரம் பார்த்துப் பேருந்தில் வருகிறேன். ரேடியோவை இறக்கித் தரையில் வைத்துவிடுவேன். நூல் கடைக்காரியும் அவள் புருஷனும் மெஷினை ஏற்றிவிடுவார்கள். இறக்குவதற்கு அங்கே ஆள் பார்த்து வை. கொடுக்கு உள்ள மாப்பிள்ளைகள் வேண்டாம், பேக்கரிக்காரர் போதும்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உன் பங்கில் ஒரு சாண்கூட எனக்கு வேண்டாம். யோசித்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 8

தம்பி மனைவிக்கு,

நலம். நலமறிய வேண்டிய அவசியம் இல்லை, ஐந்தாம் தேதி நேரிலேயே பார்த்தேன்.

என் கையால் உனக்கு எழுதும்படி ஆகிவிட்டது. கையெழுத்து புரியாவிட்டால் நிதானமாகப் படிக்கவும். பூட்டும் வண்டியுமாக வந்த என்னை வாசற்படியில் நிறுத்தி, தெருவே பார்க்க, உள்ளே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாளே, அது யார் சொல்லிக் கொடுத்தது? நான் பேசப் பேசத் தலை நிமிராமல் தைத்தாள். பேக்கரிக்காரன் சிரித்தான். வண்டிக்காரன் வெறும் வண்டியைத் திருப்பினான். நீ அவள் மனத்தைக் கெடுத்துவிட்டாய்.

இந்த வயதில் இது கேலிக்கூத்து. அவளை உடனே அனுப்பிவைக்கவும். முன்னறை என்னுடைய பங்கு. அதில் அவளுக்கு என்ன வேலை? இருபதாம் தேதி மறுபடி வருவேன். பூட்டு என்னிடம்தான் இருக்கிறது.

டீத்தூள் எந்த டப்பாவில் என்று அவளைக் கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
மூத்தவர்


ஜூன் 14

உங்களுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் சொல்கிறேன், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை.

முப்பது வருடமாக உங்கள் கடிதங்களை எல்லாம் நான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

டீத்தூள் மேல்தட்டில் நீல டப்பாவில் இருக்கிறது. தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள்.

எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மனத்தை யாரும் கெடுக்கவும் இல்லை, அது கெட்டுப்போகாமல் எப்படியோ மிஞ்சியிருக்கிறது. நீங்கள் பேசப் பேச நான் தலை நிமிராமல் தைத்தது உண்மைதான். நிமிர்ந்தால் பழக்கதோஷத்தில் எழுந்து வந்துவிடுவேனோ என்று பயந்தேன். தையல் கோணலாகத்தான் போயிருக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும்.

பத்தாம் தேதி பண்ணை வண்டி வந்தது. மூன்று பெட்டிகளும் முன்னறை வழியாகத்தான் வெளியே போயின. நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தேனீ என் காதில் கொட்டிவிட்டது. வாய்விட்டுத் திட்டினேன், தெரு முனைவரை கேட்டிருக்கும். குட்டி, "பெரியம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரலா?" என்று கேட்டாள். எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டிகள் போன பிறகு உங்கள் தம்பி மனைவி நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். அவள் இங்கேதான் இருப்பாள். அவளையும் குட்டியையும் கூப்பிட இனி வண்டி கொண்டுவர வேண்டாம்.

பையனுக்கும் எழுதியிருக்கிறேன். முகவரி அவன் போன நாளிலிருந்தே என்னிடம் இருக்கிறது.

இருபதாம் தேதி பூட்டோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முன்னறை என் பங்கு, அதில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பங்கு என்பதால்தான் வந்தேன். கட்டின மனைவி புருஷன் பங்கில் குடியிருக்கிறாள், இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? என் கட்டில் இந்த அறையில் இருக்கிறது. என் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. காலையில் குட்டி இந்த வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

வாருங்கள். டீ போட்டுத் தருகிறேன். ஆனால் கதவைத் தட்டுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னறைக்காரி